அழைக்கப்படுபவரே முடிவு செய்யட்டும்

1963 ஜூன் மாதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஏறினார் மேரி ஹாமில்டன். கறுப்பினப் பெண்; இனச் சமத்துவத்துக்காகப் போராடிய ‘கோர்’ அமைப்பின் களச் செயலாளர். குறுக்கு விசாரணையைத் தொடங்கிய அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று அழைத்தார். தென் மாநிலங்களில் அது எழுதப்படாத சட்டம். சாட்சி வெள்ளையர் என்றால் மிஸ்டர், மிஸஸ், மிஸ். கறுப்பினத்தவர் என்றால் வெறும் பெயர். பேரன் பேத்தி எடுத்த ஆணும் ‘பாய்’தான்.

மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிபதி உத்தரவிட்ட பிறகும் வாய் திறக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம் விதித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் அது சரியே என்றது. 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு ‘மிஸ்’ஸைப் பெற ஒரு பெண் நாட்டின் தலைமை நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

பெயர், பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி, மதப் பிரிவுகளுக்கு வழங்கும் பெயர் ஆகிய மூன்றையும் அன்றாட ஆங்கிலம் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. ‘எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்’ என்பதுதான் அதன் நியாயம். ஆனால் அந்த ‘எல்லோரும்’ யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பெயருக்கு உரியவர் அதில் இருப்பதில்லை. ஒருவரை எப்படி அழைப்பது என்பதை அழைக்கப்படுபவரே முடிவு செய்ய வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த விதியை ஆங்கிலம் பேசும் உலகம் ஒவ்வொரு முறையும் சண்டை போட்ட பிறகே ஏற்றிருக்கிறது.

ஒருவருக்கு இல்லையேல் எவருக்கும் இல்லை

ஹாமில்டனுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான காட்சி நடந்தது. 17-ம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய கிறித்தவ இயக்கத்தினர், எந்தப் பிரபுவையும் பட்டம் சொல்லி அழைக்க மறுத்தார்கள். பெரிய மனிதர் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். எல்லோரும் கடவுளுக்கு முன் சமம் என்னும்போது ஒருவரை மட்டும் ‘மை லார்ட்’ என்பானேன்? 1670-ல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவருக்கும் முதலில் விழுந்த அபராதம் தொப்பிக்காகத்தான். அவர்கள் வெறுந்தலையோடுதான் உள்ளே வந்தார்கள். நீதிமன்ற அலுவலரே தலையில் தொப்பியை வைத்தார். பிறகு அதற்கே தண்டம் விதித்தார்கள்.

பட்டம் சொல்ல மறுத்ததற்காக ஒரு கூட்டம் தண்டிக்கப்பட்டது. அடைமொழி கேட்டதற்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்டார். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்: கொடுத்தால் எல்லோருக்கும் கொடு, இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம். அடைமொழி என்பது மரியாதையைவிடவும் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது. யாருக்குப் போடுகிறோம், யாருக்கு விடுகிறோம் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. குற்றச்செய்தி என்றால் கைதானவரை ‘அவன்’ என்று எழுதும் வழக்கம் நம் நாளிதழ்களிலும் நீண்ட காலம் இருந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே விகுதி தீர்ப்பு எழுதிவிடும்.

பெண்களின் கதை இன்னொரு விதம். ஆணுக்கு ‘மிஸ்டர்’ ஒன்றே போதும்; அவருக்குத் திருமணமாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணிடமோ பெயரைக் கேட்கும் முன்பே கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஆங்கிலம் கேட்டுவிடும். ‘மிஸ்’ஸும் அல்லாத ‘மிஸஸ்’ஸும் அல்லாத பொது அடைமொழியாக ‘எம்எஸ்’ என்ற இரண்டு எழுத்தை மாசசூசெட்ஸ் மாநில நாளேடு ஒன்று 1901-லேயே முன்மொழிந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களில் ஷீலா மைக்கேல்ஸ் என்ற செயல்பாட்டாளர் அதைக் கையில் எடுத்தார். 1972-ல் அதே பெயரில் பெண்ணிய இதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியது.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் அசையவில்லை. 1984-ல் ஜெரல்டின் ஃபெராரோ ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரானபோது அந்த நாளேட்டுக்கு இக்கட்டு வந்தது. அவருக்குத் திருமணமாகிவிட்டது, எனவே ‘மிஸ்’ பொருந்தாது. ஆனால் அவர் கணவரின் குடும்பப் பெயர் ஸக்காரோ. ஃபெராரோ அவர் பிறந்த வீட்டுப் பெயர். ஆகவே ‘மிஸஸ் ஃபெராரோ’ என்பதும் மரபுப்படி பிழை. கைக்கெட்டும் தூரத்தில் சரியான சொல் இருந்தும், பிழையென்று தெரிந்தே ‘மிஸஸ்’ என்று எழுதினார்கள். 1986 ஜூனில்தான் அந்த நாளேடு ‘எம்எஸ்’ஸை ஏற்றது. முன்மொழிந்து 85 ஆண்டுகள்! மொழி மாறாததற்குக் காரணம் சொல் கிடைக்காதது அல்ல. மாற்றும் இடத்தில் இருந்தவர்களுக்கு அவசரம் இல்லாததுதான்.

மேடைப் பெயர் என்றால் சரி, மதப் பெயர் என்றால் தவறா?

1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலகக் கனரக குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனார் காஷியஸ் கிளே. அடுத்த சில நாள்களில் தன் பெயர் முகமது அலி என்று அறிவித்தார். பழையது அடிமைப் பெயர் என்றார். அமெரிக்க விளையாட்டுப் பக்கங்கள் பல ஆண்டுகளுக்கு அதை ஏற்கவில்லை. கிளே, கிளே என்றே எழுதின.

பிறந்தபோது வைத்த பெயரைத்தான் எழுதுவோம் என்பது அவர்களின் கொள்கையாக இருந்திருந்தால் ஒருவிதத்தில் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே பக்கங்களில் வாக்கர் ஸ்மித் என்ற வீரர் எப்போதும் சுகர் ரே ராபின்சன்தான். ஜோசஃப் லூயிஸ் பாரோவை எல்லோரும் ஜோ லூயிஸ் என்றார்கள். ஆர்ச்சிபால்ட் லீச் என்ற நடிகரை கேரி கிராண்ட் என்று சொல்ல யாருக்கும் நாக்கு கூசவில்லை. வியாபாரத்துக்காக மாற்றினால் சரி, நம்பிக்கைக்காக மாற்றினால் சந்தேகம்.

எதிராளிகளும் அதை ஆயுதமாக்கினார்கள். 1967 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் எர்னி டெரலுடன் மோதல். சண்டைக்கு முன் டெரல் அவரை கிளே என்றே அழைத்துச் சீண்டியிருந்தார். 15 சுற்றும் அலி அவரை விடவில்லை. அடித்துக்கொண்டே ‘என் பெயர் என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைய மூர்க்கத்தைப் பாராட்ட முடியாது. ஆனால் ஒரு மனிதன் தன் பெயரைக் குத்திக் குத்திச் சொல்லவைக்க வேண்டிய நிலைமையை உருவாக்கியது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வியட்நாம் போருக்குப் போக மறுத்த வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் அலியை விடுவித்தது. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்குக்கு இன்றும் ‘கிளே எதிர் அமெரிக்கா’ என்றுதான் பெயர்.

இதில் ஒரு முரணும் உண்டு. காஷியஸ் மார்செலஸ் கிளே என்ற பெயரின் மூலவர் 19-ம் நூற்றாண்டு கென்டக்கிக்காரர். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய வெள்ளையர். ஆகவே அந்தப் பெயரில் கேவலம் ஒன்றும் இல்லை என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். வாதம் சரிதான், ஆனால் பொருத்தமில்லாதது. பெயர் நல்லதா கெட்டதா என்பதல்ல வழக்கு. தேர்ந்தெடுத்தவர் யார் என்பதே வழக்கு.

கேலியாக வைத்தது, ஆட்சியாளர் வைத்தது

மதக் குழுக்களுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்களில் பல, வெளியாள் கேலியாக வைத்தவை. தொப்பி கழற்றாத ஃபாக்ஸின் கூட்டத்தினர் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘நண்பர்கள்’. கடவுளின் வாக்கைக் கேட்டு நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் சொல்ல, 1650-ல் டார்பி நகர நீதிபதி ஒருவர் ‘நடுங்கிகள்’ என்று பொருள்பட ‘குவேக்கர்’ என்று நையாண்டி செய்தார். அதுவே ஒட்டிக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்லி சகோதரர்களின் குழு நேரம் தவறாமல், முறை தவறாமல் ஜெபித்ததைக் கிண்டலடித்து மாணவர்கள் வைத்ததுதான் ‘மெதடிஸ்ட்’. இரு பிரிவினரும் அந்தப் பெயர்களைத் தங்களதாக்கிக் கொண்டார்கள். இன்று அவற்றில் ஏளனம் துளியும் இல்லை.

இதைக் காட்டி, ‘காலம் எல்லாவற்றையும் சரிசெய்யும், எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர்களை ஏற்றவர்கள் அந்தப் பிரிவினரே. அவர்கள் ஏற்காமல் போயிருந்தால்? அதற்கு ‘மகமதியர்’ என்ற சொல்லே சாட்சி. கிறிஸ்துவை வழிபடுவோர் கிறித்தவர் என்பதுபோல முகமதுவை வழிபடுவோர் மகமதியர் என்று ஆங்கிலேயர் கணக்குப்போட்டார்கள். நபியை வழிபடுவது இஸ்லாத்தின் அடிப்படைக்கே விரோதம். என்றாலும் ஆட்சிமொழியின் சொல் அது. சர் சையது அகமது கான் 1875-ல் அலிகரில் தொடங்கிய கல்வி நிறுவனமே ‘முகமதன் ஆங்கிலோ-ஓரியண்டல்’ கல்லூரியாகத்தான் வளர்ந்தது; 1920-ல் பல்கலைக்கழகமானபோது அது ‘முஸ்லிம்’ பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் நம் சட்ட மாணவர்கள் படிக்கும் முல்லாவின் புகழ்பெற்ற நூல் இன்றும் பழைய சொல்லைத் தலைப்பில் சுமக்கிறது. 1891-ல் தோன்றிய கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகமோ தன் பெயரைத் தானே விரும்பி வைத்திருக்கிறது. அதை மாற்றச் சொல்லும் உரிமை வேறு யாருக்கும் இல்லை.

உரியவர்களே மனம் மாறினால்? 1830-ல் ஜோசஃப் ஸ்மித் நிறுவிய திருச்சபையினரை, அவர்களின் மறைநூலை வைத்து உலகம் ‘மார்மன்’ என்றது. அவர்களும் ஏற்றார்கள், ‘நான் ஒரு மார்மன்’ என்று விளம்பர இயக்கமே நடத்தினார்கள், 2014-ல் அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்துப் படம் எடுத்தார்கள். 2018-ல் திருச்சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன், இனி முழுப்பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தார். உலகப் புகழ்பெற்ற அவர்களின் பாடகர் குழுவும் பெயரிலிருந்து ‘மார்மன்’ஐ உதறியது. நாளேட்டுக்காரர்களுக்கு எரிச்சல்தான், புதிய பெயர் ஒரு வரியை விழுங்கும் நீளம். ஆனால் எரிச்சல் ஒரு வாதம் ஆகாது. முதல் இடத்தில் முழுப்பெயர், பிறகு ‘திருச்சபை’ என்றால் முடிந்தது வேலை.

சாமானியரின் பேச்சு சட்டமானபோது

இதெல்லாம் மனம் புண்படும் விவகாரம் மட்டும்தானே என்று நினைப்பவர்கள் பகத் சிங் திண்டின் வழக்கைப் படிக்க வேண்டும். பஞ்சாபில் பிறந்த சீக்கியர். 1913-ல் அமெரிக்கா சென்றவர். முதல் உலகப் போரின்போது தலைப்பாகையுடனேயே அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றினார். அன்றைய அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எவரும் ‘ஹிந்து’. அவர் சீக்கியரா, முஸ்லிமா என்று யாரும் பார்ப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 1920 முதல் 1940 வரை ‘ஹிந்து’ ஓர் இனமாக எண்ணப்பட்டது.

குடியேறி வந்தவர்களில் குடியுரிமை அன்று வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே. தான் ஆரிய வழிவந்த உயர்சாதி இந்தியர், ஆகவே வெள்ளையர் என்று திண்ட் வாதிட்டார். சாதிப் பெருமையை முதலாக வைத்த வாதம் அது. அவருக்குப் பரிவு காட்டும்போதும் இதை மறைக்க வேண்டியதில்லை. அதைவிட விசித்திரம் நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களுக்கு முன்புதான், ஜப்பானியரான ஒஸாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் என்று கூறி அவரை வெளியே நிறுத்தியிருந்தது. காகேசியர் என்ற வகைப்பாட்டில் இந்தியர்களும் வருகிறார்களே என்று திண்ட் தரப்பு கேட்டதும் அளவுகோல் மாறியது. 1923 பிப்ரவரித் தீர்ப்பில் நீதிபதி சதர்லேண்ட், அறிவியல் வகைப்பாடு முக்கியமல்ல, சாமானிய மனிதர் அன்றாடப் பேச்சில் என்ன புரிந்துகொள்கிறாரோ அதுவே சட்டத்தின் பொருள் என்றார். அந்தப் புரிதலில் ‘ஹிந்து’ வெள்ளையர் அல்ல. ஒரு சீக்கியர் ‘ஹிந்து’ என்ற பெயரில் குடியுரிமை இழந்தார். அவரோடு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-ல் சட்டம் திருத்தப்படும்வரை இந்தியர்களுக்குப் பொதுவாகக் கதவு அடைத்தே இருந்தது.

‘எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்’ என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து அரிசோனாவில் ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவனின் கணக்கில் தலைப்பாகையும் தாடியும் இருந்தால் போதும். நூறாண்டுக்கு முன் ‘ஹிந்து’ என்ற ஒரே சாக்கில் கட்டப்பட்டவர்கள் இப்போது வேறொரு சாக்கில்.

எல்லை எங்கே?

இந்த விதிக்கு ஆட்சேபம் உண்டு. ஒரு குழு சூட்டிக்கொள்ளும் பெயரே மற்றவர்கள்மீது உரிமைகோரலாக இருந்தால்? அனைவருக்கும் உரியது என்று பொருள்படும் ‘கத்தோலிக்க’, சரியான நம்பிக்கை என்று பொருள்படும் ‘ஆர்த்தடாக்ஸ்’ இரண்டும் அப்படிப்பட்டவைதான். ஆனால் ஒரு புரோட்டஸ்டன்ட் ‘கத்தோலிக்கர்’ என்று சொல்வதால் போப்பின் அதிகாரத்தை ஏற்றதாகிவிடாது. பெயரைச் சொல்வது வேறு, கொள்கையை ஒப்புவது வேறு. இந்த வேறுபாட்டை அரசு மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் அகமதியாக்கள் உதாரணம். தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலே சிறை என்று 1984-ல் அவசரச் சட்டம் வந்தது. இயற்பியலுக்காக 1979-ல் நோபல் பெற்ற அப்துஸ் சலாம் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய கல்லறையில் ‘முதல் முஸ்லிம் நோபல் விருதாளர்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததில் ‘முஸ்லிம்’ மட்டும் அழிக்கப்பட்டது.

உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. பெயர் உரியவருக்குச் சொந்தம். திரு, திருமதி போன்ற பொது அடைமொழி எல்லோருக்கும் சமம். ஆனால் பக்தர்கள் தங்கள் குருவுக்குச் சூட்டும் ‘ஹிஸ் ஹோலினெஸ்’, ‘மகா சந்நிதானம்’ போன்றவை பக்தர்களின் சொத்து. அவற்றைச் சொல்ல மற்றவர்களுக்குக் கடமை இல்லை. நாளேடுகளுக்கு அறவே இல்லை.

நல்லெண்ணத்தோடு வைத்த பெயரும் இதே சோதனையைத் தாண்டியாக வேண்டும். காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ என்ற சொல் சட்ட முன்வரைவில் இடம்பெற்றதைக் கண்டித்து 1938-ல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளின் மக்கள் என்ற அர்த்தம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்த மக்களைக் கேட்காமல் வைத்தது அது. மறுபுறம், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என எம்.சி.ராஜா சென்னை மாகாண சட்டமன்றத்தில் வலியுறுத்தி, 1922-ல் அது நடைமுறைக்கு வந்தது. கேட்டவர் அந்தச் சமூகத்தின் பிரதிநிதி. வேறுபாடு அங்கேதான்.

கட்டங்களைத் திருத்துவோம்

ஆங்கிலத்தின் பழக்கம் நம்மைத் தொடும் இடம் விண்ணப்பப் படிவம். ‘கிறிஸ்டியன் நேம்’ என்று கேட்ட பிரிட்டிஷ் படிவங்கள் கிறித்தவர் அல்லாதோரை உத்தேசித்து ‘முதல் பெயர்’ என்று மாறின. ஆனால் முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்கள் அப்படியே நிற்கின்றன. தலைப்பெழுத்தோடு வாழும் தமிழருக்கு அதில் எதை எங்கே போடுவது என்று தெரியாது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், அமெரிக்க அலுவலகத்தில் நம்மை ‘மிஸ்டர்’ சேர்த்து அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். போடாமல் விட்டால் விசாவில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்றது. பிறகே தந்தை பெயர் கடவுச்சீட்டில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

வெளிநாட்டுப் படிவங்களை நம்மால் மாற்ற முடியாமல் இருக்கலாம். நம் படிவங்களை மாற்றலாம். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். திருமணத் தகவல் தேவைப்படாத இடத்தில் திருமதி, செல்வி என்ற தேர்வையே நீக்கிவிடலாம். நாளேடுகள் தம் நடைக் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்: சமூகங்களையும் மதப் பிரிவுகளையும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரால் குறிப்பிடுவது, ஐயம் வந்தால் அவர்களிடமே கேட்பது. பெரிய செலவு எதுவும் இல்லாத சீர்திருத்தம் இது. செய்யாமல் இருக்க ஆங்கிலம் 85 ஆண்டு சாக்குச் சொன்னது. நமக்கும் அந்தச் சாக்கு கிடைக்கத்தான் செய்யும். ஆனால் ‘தெரியாமல் செய்தோம்’ என்று மட்டும் சொல்ல முடியாது.